லொக் நிரம்பிய ஞாயிற்றுக்கிழமை

ஜூலை 17, வியாழன்

கச்சான் காற்று. மேசையெல்லாம் மண். கீபோர்டைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டினேன், ஒரு தேக்கரண்டி அளவு வந்தது.

இன்று:
– படிவங்கள் எண்பத்தாறு. என் உதவியாள் ஜெசிந்தா ஸ்கேன் செய்து ஏற்றினாள்.
– சேர்வர் அறை ஏசி ஒழுகுகிறது. கீழே வாளி வைத்தேன்.
– சேர்வரின் பதிவுக் கோப்பு, லொக் பைல், இரண்டு ஜிபிக்குள். ஒழுங்கு.
– ஞாயிறு நடமாடும் சேவை. கதிரை நூறு. பிரின்டருக்கு மை.

ஞாயிற்றுக்கிழமை அரச அதிகாரிகள் மூவர் எங்கள் இடம்பெயர்ந்தோர் சங்கத்துக்கே வருகிறார்கள். தொண்ணூறில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் எங்களிடம் ஒரு இலக்கம். குடும்பம் வந்து விவரம் சரிபார்க்கும், பிழை இருந்தால் திருத்துவோம், அச்சடித்துக் கையெழுத்து வாங்கி அங்கேயே அவர்களிடம் கொடுப்போம். கடைசிக் கேள்வி ‘விருப்பம்’. மூன்று பதில்தான்: திரும்புவோம், இங்கேயே, முடிவில்லை. இங்கேயே என்றால் இப்போது இருக்கும் வளவுக்கு உறுதிப் பத்திரம் எடுப்பதைப் பற்றிப் பேசலாம். திரும்புவோம் என்றால் அந்தப் பேச்சு இல்லை.

எங்கள் இலக்கம் 412. தலைவர் உம்மா. அவருக்குக் கீழே நான், என் கணவர், பிள்ளைகள் இரண்டு. விருப்பம்: திரும்புவோம். உம்மா தன் கையால் நிரப்பியது.

வேறு எங்கும் சொல்ல முடியாததால் இதை இங்கே எழுதுகிறேன். மூன்றரைக்குப் பிறகு எல்லோரும் தேநீருக்குப் போனார்கள். வழமையான திரையில் மாற்றினால் யார் மாற்றியது என்று சங்கச் செயலாளர் ஹாஜியாருக்குத் தெரியும். அதனால் தரவுத்தளத்துக்குள் நேராகப் போகும் விண்டோவைத் திறந்தேன். பின்கதவு. நிர்வாகி நான் ஒருத்திதான். மாற்றத்தைத் தொடங்கும் கட்டளை, பிகின், அடித்தேன். 412, விருப்பம், இங்கேயே. ஒரு வரி மாறியது என்று வந்தது. இனிக் கொமிட் போட்டால் நிலைக்கும், ரோல்பேக் போட்டால் பழையபடி ஆகும்.

அஸர் வாங்கு சொன்னது. அதோடு போன்.

“வரக்குள்ள பாணும் ரெண்டு தேசிக்காயும் எடுத்துட்டு வா. தேசிக்காய் போன முறை மாதிரி கல்லா இரிக்கப்படாது.”

உம்மாவின் குரல் காதில் இருக்கும்போது கொமிட் போட முடியவில்லை. ரோல்பேக்கும் போடவில்லை. விண்டோவைக் கீழே தள்ளினேன், கொம்பியூட்டரைப் பூட்டினேன், எழும்பி வந்தேன்.

தேசிக்காய் நல்லதாகக் கிடைத்தது.

ஜூலை 18, வெள்ளி

விடுமுறை. எங்களுக்கு வெள்ளி, ஜெ.க்கு ஞாயிறு. அதனால் வெள்ளிக்கிழமைகளில் அலுவலகத் திறப்புக் கொத்து அவளிடம். கற்பிட்டி வீதியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, ஆளில்லாத கட்டடத்தில் தனியாக ஸ்கேன் செய்வாள். சத்தமில்லாத நாள், பாட்டும் போடலாம் என்பாள்.

ஆண்கள் ஜும்ஆவுக்குப் போன நேரம் கூப்பிட்டாள்.

“மிஸ், ஒரு ஊர்ப் பட்டியல் மட்டும் வருகுதில்ல. சுத்திக்கொண்டே நிக்குது.”

“எந்த ஊர்?”

“உங்கட ஊர்தான். மத்ததெல்லாம் டக்கெண்டு வருகுது.”

“நெட்வேர்க்கா இருக்கும் ஜெசிந்தா. விடுங்க. நாளைக்குப் பாப்பம்.”

ஒரு நொடி அந்த விண்டோ நினைவுக்கு வந்தது. மீன் அடிப்பிடிக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு குசினிக்குப் போனேன். மீன் அடிப்பிடிக்கவில்லை.

மூன்று மணிக்குப் போனில் எச்சரிக்கை: லொக் பைல் வழமையை விடப் பெரிது. ஸ்கேன் நாள், அப்படித்தான் இருக்கும். மணிக்கொருமுறை பக்அப் ஓடுகிறது, ஓடினால் குறையும். எச்சரிக்கையை அழித்துவிட்டேன்.

சாப்பிடும்போது உம்மா: “நானா வீட்டுக்குச் சீமெந்து நிலம் போட்டாச்சாம். சிவப்பு நிறம். கால் வைக்கக் குளுகுளுண்டு இரிக்காம்.” நானா, என் அண்ணன், மன்னாரில் பழைய வளவுக்குத் திரும்பி மூன்று வருடம்.

நான்: “இன்னும் கொஞ்சம் சோறு போடவா?”

வந்தபோது எனக்கு ஒன்பது வயது. ஊர் எனக்கு ஒரு கிணறு, ஒரு பள்ளிக்கூட மணி. இங்கே என் முழு வாழ்க்கை. திரும்ப விருப்பமில்லை என்று உம்மாவிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லாமலே மாற்றப் பார்த்திருக்கிறேன்.

ஜூலை 19, சனி

காற்று குறையவில்லை. கதிரைகள் வந்தன. எண்பத்திரண்டுதான்.

என் கொம்பியூட்டரைத் திறந்தேன். அடியில் அந்த விண்டோ அப்படியே. நாளை கூட்டம் முடியட்டும், ஆறுதலாக யோசித்துப் போடலாம் என்று விட்டேன். யோசிக்க என்ன இருந்தது என்று தெரியவில்லை.

எச்சரிக்கை இன்னும் இரண்டு. பார்க்கவில்லை. பிரின்டர் மை கசிந்து என் அபாயாவின் கை முழுக்க.

ஜெ. இன்று மட்டும் நூற்று நாற்பது படிவம். கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நாளைக்கு நானும் நிண்டிருக்கலாம் மிஸ். மகனுக்கு சேர்ச்சில முதல் நன்மை வாங்குற ஒத்திகை. வரல்ல எண்டா சிஸ்டர் எனக்கும் சேத்து முழங்கால் போட வைப்பா.”

“போங்க. நான் சமாளிப்பன்.”

மூன்று வருடமாக அமய அடிப்படையில் இருக்கிறாள். நிரந்தரமாக்கச் சொல்லி ஹாஜியாரிடம் நான் கேட்டது இரண்டு தரம். இந்த முறை பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறார்.

அவளுக்கு நான் எழுதிக்கொடுத்த பட்டியல் அவள் மேசைக் கண்ணாடிக்குக் கீழே இன்னும் இருக்கிறது:
1. பிகின் போட்டால் முடிக்காமல் எழும்பக்கூடாது.
2. தண்ணீர் குடிக்கக்கூட எழும்பக்கூடாது.
3. சந்தேகம் என்றால் ரோல்பேக்.
என் கையெழுத்து.

ஜூலை 20, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. எழுதுகிறேன்.

எட்டு மணிக்கே கூட்டம். கரைத்தீவிலிருந்து இரண்டு பஸ். விறாந்தை, மாமரத்தடி, மதில் ஓரம், எல்லா இடமும் ஆட்கள். அதிகாரிகள் எட்டரைக்கு. முதல் முப்பது குடும்பம் ஒழுங்காகப் போனது.

ஒன்பது இருபதுக்கு, சேமிக்க அழுத்தினால் சிவப்பு எழுத்து. லொக் நிரம்பிவிட்டது. மூன்று கொம்பியூட்டரிலும் அதே. டிஸ்க்கில் மிச்சம் பூச்சியம்.

ஹாஜியார் என் தலைக்கு மேலே நின்றார்.

“என்ன புள்ள?”

“லொக் நெறஞ்சிட்டு ஹாஜியார்.”

“அதென்ன லொக்கு?”

“எதைச் செஞ்சாலும் கொம்பியூட்டர் முதல்ல ஒரு கொப்பில எழுதித்தான் செய்யும். ஒரு வேலை முடிஞ்சா அந்தப் பக்கத்தத் திரும்பப் பாவிக்கும். முடியாத வேலை ஒண்டு நிண்டா அதிலிருந்து பின்னுக்கு உள்ள எதையும் அழிக்கேலாது. கொப்பி வளந்துகொண்டே போகும்.”

“அப்ப முடியாத வேலை எது?”

“பாக்கிறன்.”

தேடினேன். பார்க்காமலே தெரியும், ஆனாலும் தேடினேன். எல்லாவற்றிலும் பழைய திறந்த பரிவர்த்தனை: வியாழன், பின்னேரம் மூன்று நாற்பத்திரண்டு. பெயர்: பஸ்லியா. என் கொம்பியூட்டர். ஒரே ஒரு வரி.

ஒரு வரி, மூன்று நாள். அதற்குப் பின்னால் ஜெ. ஏற்றிய படங்கள் எல்லாம் வரிசையில் நின்றிருக்கின்றன.

திரையை அவர் பக்கமிருந்து கொஞ்சம் திருப்பினேன். ரோல்பேக் போட்டேன். ஒரு நொடிகூட எடுக்கவில்லை. 412 மறுபடி திரும்புவோம்.

அதோடு முடியவில்லை. லொக்கில் இடம் விட ஒரு பக்அப் ஓட வேண்டும், பக்அப் எழுதும் இடமும் அதே டிஸ்க். வெளி டிஸ்க் ஹாஜியார் வீட்டு அலுமாரிக்குள். அலுமாரித் திறப்பு அவர் மனைவியிடம். மனைவி தில்லையடியில் ஒரு மையத்து வீட்டில், துக்கம் விசாரிக்க. திறப்பு வரும்போது பதினொன்று பத்து. எல்லாம் ஓடத் தொடங்கியது பதினொன்று ஐம்பதுக்கு. அதிகாரிகள் பதினொன்றரைக்கே வாகனம் ஏறிவிட்டார்கள், அடுத்த இடம் பாலாவி. மறுபடி எப்போது என்று கேட்டதற்கு அறிவிப்போம் என்றார்கள்.

எழுபது குடும்பத்துக்கு மேல் அப்படியே திரும்பிப் போனது. கரைத்தீவுப் பெண் ஒருத்தி, படிவத்தால் முகத்துக்கு விசிறியபடி: “முப்பத்தஞ்சு வருசம் நிண்ட கால். இன்னொரு நாள் நிண்டாத் தேஞ்சா போகும்?” பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். என்னைப் பார்த்தும் சிரித்தாள். “நீங்க என்ன செய்ற மகள், மெசின்தானே.”

அதற்குப் பிறகு நடந்ததை அப்படியே எழுத வேண்டும்.

ஹாஜியார்: “யாரால வந்த வேலை இது?”

நான்: “ஸ்கேன் படங்கள் பெரிசு ஹாஜியார். அதால லொக் கெதியா வளந்திட்டு.”

பொய் இல்லை. படங்கள் பெரிதுதான்.

“அந்தக் கற்பிட்டிப் புள்ளயா? வெள்ளிக்கிழமையும் தனிய வந்து அடிச்சிக்கிட்டு இருந்தாளே, கேக்க ஆளில்லாம.”

நான் அவள் பெயரைச் சொல்லவில்லை. அவர் சொன்னார். ஓம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. மேசையில் கிடந்த கயிற்றைச் சுற்றினேன்.

ஜூலை 21, திங்கள்

லொக் பைலைச் சுருக்கினேன். மறுபடி இரண்டு ஜிபி. என் வேலையின் தடம் எங்கும் இல்லை.

ஜெ. சந்தோஷமாக வந்தாள். மகன் ஒத்திகையில் மெழுகுதிரியைப் பிழையான கையில் பிடித்தானாம். பத்து மணிக்கு ஹாஜியார் கூப்பிட்டார். ஏழெட்டு நிமிடம். கதவு சாத்தியிருந்தது.

வெளியே வந்து தன் மேசை இலாச்சியைத் திறந்தாள். குடை. சம்பல் போத்தல். போன் சார்ஜர். மகன் கீறிய வள்ளப் படம். கண்ணாடிக்குக் கீழே இருந்த என் பட்டியலையும் எடுத்து மடித்துப் பைக்குள் வைத்தாள். ஏன் அதை எடுத்தாள்?

“நாளையிலிருந்து வரத் தேவையில்லையாம் மிஸ்.”

“நான் கதைக்கிறன்.”

“சரி மிஸ்.”

குரலில் ஒன்றும் இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். நான் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். வந்தபோது அவள் இல்லை. மேசை துடைத்திருந்தது.

சம்பவப் புத்தகத்தில் நேற்றைய பதிவை நான் எழுத வேண்டும். திகதி எழுதினேன். நேரம் எழுதினேன். காரணம் என்ற இடத்தை விட்டுவிட்டேன். அந்தப் புத்தகம் முன் மேசையில் கிடக்கும். வாராவாரம் வரும் ஊர்ப் பிரதிநிதிகள் எல்லோரும் புரட்டுவார்கள். எங்கள் ஊருக்கு வருபவர் உம்மாவின் மச்சான்.

ஹாஜியாரிடம் கதைக்கவில்லை. அவர் மூன்று மணிக்கே போய்விட்டார். மூன்று மணி வரை இருந்தார்.

ஜூலை 22, செவ்வாய்

லீவு போட்டேன். உம்மாவிடம் கூட்டம் என்று சொன்னேன். இன்னொரு பொய், சின்னது.

பாலாவியில் பஸ் மாறினேன். உப்பு லொறி ஒன்று முன்னால் போனது, தார்ப்பாய் அடித்துக்கொண்டு. நுரைச்சோலை தாண்டியதும் காற்றாடிகள். ஜெ. வீட்டுக்கு ஒருதரம்தான் வந்திருக்கிறேன், கிறிஸ்மஸ் நாளில், பாலன் பிறப்புக்கு. மண்ணில் விரித்த படங்குகளில் நெத்தலி காய்ந்தது. அவள் ஒரு தடியோடு காகத்துக்குக் காவல்.

“வாங்க மிஸ். புது உத்தியோகம். இதுல லொக் நிறையாது, காகம்தான் நிறையும்.”

கதிரை போட்டாள். தேத்தண்ணி வேண்டாம் என்றேன், போட்டாள். சொல்லத் தொடங்கினேன். வியாழன், விண்டோ, பிகின். பாதியில் நிறுத்தினாள்.

“தெரியும் மிஸ்.”

“என்ன தெரியும்?”

“வெள்ளிக்கிழமையே பாத்தன். பட்டியல் நிண்டதும் நீங்க பழக்கின மாதிரி, எது பிடிச்சிக்கொண்டு நிக்குதெண்டு தேடினன். உங்கட பேர் வந்திச்சு. நீங்க அடிச்ச வசனமும் வந்திச்சு.”

அந்த அனுமதியை அவளுக்குக் கொடுத்தது நான். நான் இல்லாத நாளில் தேவைப்படும் என்று.

“அப்ப ஏன் எனக்குச் சொல்லல்ல?”

“போன் எடுத்தன்தானே. உங்கட ஊர்ப் பட்டியல்தான் நிக்குதெண்டு சொன்னன்தானே. நீங்க நெட்வேர்க் எண்டீங்க.” கொஞ்சம் சிரித்தாள். “பாவம் அந்த நெட்வேர்க். எல்லாத்தையும் அதுட தலையிலதான் போடுறது.”

“அந்த இணைப்ப நீங்களே வெட்டி விட்டிருக்கலாமே. அதுக்கும் அனுமதி இருக்கு.”

“நானூற்றிப் பன்னிரண்டு. விருப்பம் எண்ட இடம். அது உங்களுக்கும் உங்கட உம்மாக்கும் உள்ள கதை. நான் வெட்டுற சாமானா அது? நீங்க யோசிச்சுக்கொண்டு இருக்கிறீங்க எண்டு விட்டன். லொக் நிறையுமெண்டு எனக்கும் விளங்கல்ல.”

காகம் ஒன்று வந்தது. தடியை ஓங்கினாள், போனது.

“ஹாஜியார்ட்ட சொல்லியிருக்கலாம் நீங்க. உங்கட வேலை போயிட்டே.”

நெத்தலியைக் கையால் புரட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“நீங்க சொல்லுவீங்க எண்டு நினைச்சன் மிஸ். கதவு சாத்தியிருக்கக்குள்ளயும் நினைச்சன். இப்ப தட்டுவீங்க எண்டு.”

தேத்தண்ணி குடித்து முடித்தேன். சீனி அதிகம். ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

வரும்போது ஒரு பை கருவாடு தந்தாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன முகம் இருக்கிறது?

ஜூலை 23, புதன்

எட்டரைக்கு ஹாஜியாரின் கதவைத் தட்டினேன். நின்றுகொண்டே சொன்னேன். எந்த வரி, எந்த இடம், ஏன் பின்கதவு, ஞாயிறு அவர் கேட்டபோது என்ன மறைத்தேன், எல்லாம்.

கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். போட்டார்.

“அப்ப அந்தப் புள்ள?”

“அவள்ல ஒரு பிழையும் இல்ல.”

“எனக்கு வெக்கமாக் கெடக்கு பஸ்லியா. ஒனக்கில்ல, எனக்கு. ஒரு வார்த்த அவள்ட கேக்காம அனுப்பினன்.”

எனக்குத் தலை நிமிரவில்லை.

பிறகு சொன்னார்: “புத்தகத்துல நெட்வேர்க் கோளாறு எண்டு போடு. குடும்ப விசயம், ஊருக்கு என்னத்துக்கு?”

“ஒரு ஆளை அனுப்பினது ஊருக்குத் தெரியும்தானே ஹாஜியார்.”

எழுதினேன். காரணம்: வியாழன் பி.ப. 3.42க்கு நான் திறந்த பரிவர்த்தனையை முடிக்காமல் விட்டது. இலக்கம் 412. சொந்தக் குடும்பத்தின் விவரத்தை அனுமதியின்றி மாற்ற முயன்றது. ஸ்கேன் வேலையால் ஏற்பட்டதல்ல. கையொப்பம்.

நான்கு வரி. ஒன்பது மணிக்குத் தொடங்கி பத்தேகாலுக்கு முடித்தேன்.

ஹாஜியார் வாசித்தார், கீழே தன் கையொப்பமும் போட்டார். என் முன்னாலேயே ஜெ.யைப் போனில் அழைத்தார். “நான் பிழையா முடிவெடுத்திட்டன் மகள். நாளைக்கு வாங்க. நிரந்தரக் கடிதமும் சேத்து எடுப்பம்.” எனக்கு: நிர்வாகிக் கடவுச்சொல் இனி இரண்டு பாதி. ஒரு பாதி ஜெ.யிடம். தனியாக உள்ளே போக எனக்கு வழி இல்லை. ஓம் என்றேன். நிம்மதியாகக்கூட இருந்தது, அதற்கும் வெட்கம்.

பதினொரு மணிக்கு உம்மாவின் மச்சான் வந்தார். புத்தகத்தைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நின்றார். என் பக்கம் பார்க்காமல் போனார்.

வீட்டுக்குப் போனபோது உம்மா கருவாட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். தெரியும் என்று முதுகிலேயே தெரிந்தது.

ஜூலை 24, வியாழன்

ஜெ. வந்தாள். பட்டியலை எடுத்து மறுபடி கண்ணாடிக்குக் கீழே வைத்தாள். பிறகு, “கருவாடு உப்பா?” என்று கேட்டாள்.

உம்மா நேற்றிலிருந்து பேசவில்லை. சோறு மட்டும் போட்டார். மஃரிபுக்குப் பிறகு, தொழுத முஸல்லாவை மடித்தபடி:

“என்னட்டக் கேட்டிருக்கலாமே.”

“பயமா இருந்திச்சு உம்மா.”

“என்னத்துக்குப் பயம்? நான் அடிப்பனா?”

“நீங்க அழுவீங்க எண்டு.”

“அழுதா என்ன? அழுதா முடிஞ்சிரும்.” மடித்ததைக் கதிரையில் வைத்தார். “என்ட பேர மட்டும் தனியா எழுதேலுமா?”

விளங்கவில்லை.

“ஒங்கட குடும்பம் இஞ்ச. நான் நானாட்டப் போறன். அந்தக் கொம்பியூட்டர்ல அப்பிடி எழுத எடமிரிக்கா?”

இருக்கிறது. புதிய இலக்கம். தலைவர் அவரே.

“எழுது. கோவத்துல சொல்லல்ல. கோவம் நேத்தே போயிட்டு, இது வேற.”

ஜூலை 26, சனி

காற்று கொஞ்சம் விட்டிருக்கிறது.

உம்மா நல்ல சாரியுடுத்து, அடையாள அட்டையைப் பிளாஸ்டிக் உறையோடு கொண்டுவந்தார். நான் விசைப்பலகையைத் தொடவில்லை. ஜெ. அடித்தாள், வழமையான திரையில், எல்லோருக்கும் கேட்பது போலவே கேட்டாள்.

“நானூற்றிப் பன்னிரண்டு. புதுத் தலைவர்?”

“நான்.”

“விருப்பம்?”

உம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெ. காத்திருந்தாள், உதவவில்லை.

“இங்கேயே.”

சேமித்தாள். புதிய படிவம்.

“பேர் என்ன உம்மா? பிறந்த ஊர்? விருப்பம்?”

மூன்றுக்கும் தெளிவாகச் சொன்னார்.

“மொத்த ஆக்கள் எத்தன?”

உம்மா விரலை மடித்து எண்ணப் போனார். மடிக்க ஒரு விரல்தான் இருந்தது. கையை மடியில் வைத்தார்.

“ஒண்டு.”

ஜெ. என் பக்கம் திரும்பாமல் சேமித்தாள்.

“முடிஞ்சா மகள்?” உம்மா கேட்டது அவளை.

“முடிஞ்சுது உம்மா.”

“அப்ப வா,” என்றார் என்னிடம். “கடையில பாண் முடிய முந்திப் போவம்.”